அணுத்துகளைச் சுழற்றிய அறிஞர்

ஞாயிறு ஓயாது ஒளிர்தற்குக் காரணம் யாது என்னும் வினா மாந்தர் உள்ளத்தில் தொன்றுதொட்டு எழுந்து வருவதாகும். விறகும் நெய்யும் இன்றி எரியும் அவ்விளக்கின் மறைபொருள் இருபதாம் நூற்றாண்டிலேதான் புலப்பட்டது. ஞாயிற்றின் நடுவே இலேசான அணுக்களின் கருக்கள் ஒன்றோடொன்று கூடிப் பெரிய கருக்களாகின்றன. அங்ஙனம் கூடும்போது அவற்றின் நிறையில் ஒரு சிறு பகுதி குறைகின்றது. குறைந்த அந்நிறையே ஆற்றலாய் வெளிப்படுகின்றது. இதனை அணுக்கரு இணைவு என்பர். இவ்விணைவு மண்ணுலகில், ஓர் ஆய்வுக்கூடத்தினுள், மனிதன் செய்த கருவியில் முதன்முதல் நிகழ்ந்த நாளில், அக்கருவிக்கு உரியவர் எர்னஸ்ட் ஆர்லாண்டோ லாரன்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் எனலாம். ஆயினும், நிகழ்ந்தது இன்னது என்பதை அவர் அறிந்திலர். வேறொன்று நிகழ்ந்ததாக உலகறியக் கூறினார். பின்னர்த் தம் பிழையைத் தாமே ஒப்பினார்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடக்கே, தென் டக்கோட்டா மாநிலத்தில், கான்டன் என்பது ஒரு சிற்றூர். பரந்த புல்வெளிகளும் கோதுமை வயல்களும் சூழ்ந்தது அவ்வூர். நார்வே நாட்டினின்று கடல் கடந்து வந்து குடியேறிய உழவர் குடிகள் அப்பகுதியில் பல இருந்தன. அத்தகைய குடிவழியில் வந்தவரே லாரன்ஸின் பெற்றோர். தந்தையார் கார்ல் லாரன்ஸ் பள்ளிகளை மேற்பார்க்கும் பணியில் இருந்தவர். அன்னையார் குண்டாவும் ஆசிரியப் பணி புரிந்தவரே. அவ்விருவர்க்கும் மூத்த மகனாய், 1901-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 8-ஆம் நாள் எர்னஸ்ட் பிறந்தார்.

எதிர்வீட்டில் மெர்ல் டூவ் என்னும் சிறுவன் இருந்தான். இருவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள், இணைபிரியாத் தோழர்கள். பறக்கும் பொறி செய்து பார்ப்பதும், கம்பியில்லாத் தந்திக் கருவி அமைத்துத் தொலைவிலுள்ளாரோடு செய்தி பேசுவதும் அவர்களுடைய விளையாட்டாக இருந்தன. அத்தோழனும் வளர்ந்து பெரிய இயற்பியல் அறிஞனானான். ஒரு சிற்றூரின் ஒரே தெருவில் எதிரெதிர் வீடுகளில் இத்தகைய இருவர் வளர்ந்தது அரிய நிகழ்ச்சியே. இம்மெர்ல் டூவ் நம் கதையில் மீண்டும் வருவார். அவ்வமயம் அவர் வருகை லாரன்ஸுக்கு இனிப்பாக இராது.

கல்லூரியிற் படிக்கும் நாளில், கோடை விடுமுறைதோறும் லாரன்ஸ் அலுமினியப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு, வீடு வீடாகச் சென்று உழவர் மனைவியரிடம் விற்றுப் பொருள் ஈட்டினார். பிற்காலத்தில் பெருஞ்செல்வரிடமும் அரசாங்கத்தாரிடமும் சென்று, தம் பொறிகளுக்காகப் பெருந்தொகை கேட்டுப் பெறும் வன்மை அவருக்கு வாய்த்ததற்கு இப்பயிற்சியே வித்திட்டது போலும். மருத்துவம் கற்க வேண்டும் என்பதே அவர் முதலிற் கொண்ட எண்ணம். தென் டக்கோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஏக்கிலி என்னும் பேராசிரியர் அவருடைய கூர்த்த மதியைக் கண்டு, இயற்பியலின்பால் அவரைத் திருப்பினார். பின்னர் மினசோட்டா, சிகாகோ ஆகிய இடங்களிற் பயின்று, 1925-இல் யேல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1928-இல் கலிபோர்னியா மாநிலத்து பெர்க்கிலிப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. இரண்டே ஆண்டுகளில் அங்கு முழுநிலைப் பேராசிரியரானார். அப்போது அவருக்கு வயது 29.

அக்காலத்தே இயற்பியல் அறிஞர்கள் ஒரு பெருங்குறையால் வருந்தினர். அணுவின் நடுவே உள்ள கருவினை அறிய வேண்டுமாயின், விரைந்து செல்லும் துகள்களை அதன்மேல் ஏவித் தாக்க வேண்டும். இங்கிலாந்தில் ரூதர்போர்டு பெருமகனார், ரேடியம் போன்ற பொருள்கள் தாமே உமிழும் துகள்களைக் கொண்டு இதனைச் செய்து காட்டியிருந்தார். ஆயினும் அத்துகள்கள் சிலவே. அவற்றின் விரைவும் நம் விருப்பத்திற்கு உட்பட்டதன்று. அணுக்களினின்று எலெக்ட்ரான் எனப்படும் எதிர்மின் துகளை நீக்கினால் எஞ்சுவது நேர்மின்னேற்றம் உடைய அயனி. அவ்வயனிகளை மின்னழுத்தத்தால் விரைவுபடுத்தி ஒரு கற்றையாக ஏவினால் குறை தீரும். எனினும், பத்து லட்சம் வோல்ட் அழுத்தத்தை எக்கருவியும் எளிதில் தாங்கவில்லை. மின்பொறி பாய்ந்து கருவியைச் சிதைத்துவிடும். வானத்து இடியிலிருந்து மின்னழுத்தம் பெற முயன்று உயிரிழந்தாரும் உண்டு.

1929-ஆம் ஆண்டில் ஒரு நாள் மாலை, லாரன்ஸ் பல்கலைக்கழக நூல்நிலையத்தில் அமர்ந்து, செர்மானிய மொழியில் வெளிவந்த மின்பொறியியல் இதழ் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். அம்மொழியில் அவருக்கு நிறைந்த பயிற்சி இல்லை. ஆதலின் கட்டுரையைப் படியாது, அதிலிருந்த படங்களையும் வாய்பாடுகளையும் நோக்கினார். அது வீடரோ என்னும் நார்வே நாட்டுப் பொறியாளர் எழுதியது. 25,000 வோல்ட் அழுத்தம் ஒன்றையே இருமுறை பயன்படுத்தி, ஓர் அயனிக்கு 50,000 வோல்ட்டுக்குரிய ஆற்றலை ஊட்டிய முறை அதில் விளக்கப்பட்டிருந்தது. ஒரே அழுத்தத்தை இருமுறை பயன்படுத்தக் கூடுமாயின், நூறுமுறை ஏன் பயன்படுத்தலாகாது? வரிசையாக நூறு குழல்களை வைத்தால் கருவி மிக நீண்டுவிடும். ஆனால், காந்தத்தால் அயனியின் வழியை வளைத்து வட்டமாக்கிவிட்டால், அதே இடத்திற்கு அது மீண்டும் மீண்டும் வரும் அன்றோ?

ஊஞ்சலில் ஆடும் குழந்தையை நாம் ஒரே தள்ளாக உயரத் தள்ளுவதில்லை. அது நம்பால் திரும்பி வருந்தோறும் சிறிது சிறிதாகத் தள்ளுகின்றோம். ஊஞ்சல் கூரையை எட்டுகின்றது. லாரன்ஸின் கருவியும் அத்தகையதே. இரண்டாகப் பிளந்த வட்டப் பேழையின் இரு பாதிகளுக்கும் இடையே ஒரு பிளவு உண்டு. பேழை முழுவதும் வலிய காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே, காற்று நீக்கப்பட்ட கலத்தினுள் வைக்கப்பட்டிருக்கும். நடுவிற் பிறந்த அயனி வட்டமாகச் சுழன்று பிளவைக் கடக்குந்தோறும் மின்னழுத்தம் அதனை ஒருமுறை தள்ளும். விரைவு மிகுந்த அயனி பெரிய வட்டத்திற் செல்லும். ஆனால், ஒரு சுற்றுக்கு அது எடுத்துக்கொள்ளும் நேரம் மாறுவதில்லை. இதுவே இக்கருவியின் உயிர்நாடி. நேரம் மாறாமையால், சீராகத் திசைமாறும் ஒரே மின்னழுத்தம் எல்லாச் சுற்றுகளுக்கும் பொருந்துகின்றது. இக்கருவியே பின்னர்ச் சைக்ளோட்ரான் என்று வழங்கலாயிற்று.

எண்ணம் எளிது; செய்கை அரிது. லிவிங்ஸ்டன் என்னும் மாணவர் அதனைச் செய்து முடிக்கும் பொறுப்பினை ஏற்றார். பித்தளையும் அரக்கும் கொண்டு செய்யப்பட்ட அம்முதற் கலம் ஏறத்தாழ நான்கரை அங்குல அகலமே உடையது. உள்ளங்கையில் வைத்துக் காட்டத்தக்கது. 1931-ஆம் ஆண்டு சனவரி 2-ஆம் நாள், 2,000 வோல்ட்டுக்கும் குறைந்த அழுத்தத்தால், 80,000 வோல்ட்டுக்குரிய ஆற்றலை அயனிகள் அதனுள் எய்தின. அடுத்து 11 அங்குலக் கலம் அமைந்தது. 1932-இன் தொடக்கத்தில் அது பத்து லட்சத்தைக் கடந்துவிட்டது.

அதனினும் பெரியதற்குப் பெரிய காந்தம் வேண்டும். வேண்டிய காந்தம் கேட்பாரற்றுக் கிடந்தது. கம்பியில்லாத் தந்திக்காக ஒரு நிறுவனத்தார் முன்னர்ச் செய்து வைத்திருந்த, ஏறத்தாழ 80 டன் எடையுள்ள மின்காந்தம் அது. தந்தி முறை மாறிவிட்டமையால் அதற்குப் பயன் இல்லாது போயிற்று. லாரன்ஸ் அதனைக் கேட்டுப் பெற்று, பல்கலைக்கழகத்திலிருந்த ஒரு பழைய மரக்கட்டடத்தினுள் நிறுவினார். கதிரியக்க ஆய்வுக்கூடம் என்னும் புகழ்பெற்ற நிலையம் 1931-இல் இவ்வாறு தோன்றியது. அக்காந்தத்தின் வரலாறு லாரன்ஸின் வரலாற்றோடு இறுதிவரை பின்னிக்கிடக்கின்றது.

அக்கூடத்தில் இரவென்றும் பகலென்றும் வேறுபாடு இல்லை. நாடெங்கும் வறுமை சூழ்ந்திருந்த காலம் அது. ஊதியமின்றியே உழைத்த இளைஞரும் அங்கு இருந்தனர். லாரன்ஸ் தாமும் உறங்கார், பிறரையும் உறங்கவிடார். ஆயினும், ஒரு குறையையும் மறைத்தல் தகாது. பொறியை மேலும் மேலும் பெரிதாக்குவதிலேயே அவர்கள் மனம் நின்றது. பொறி காட்டியதை அமர்ந்து நோக்குதற்கு நேரமில்லை. லிதியத்தின் கருவைச் செயற்கை முறையாற் பிளக்கும் ஆற்றல் பெர்க்கிலிக் கருவிக்கு இருந்தும், 1932 ஏப்ரலில் அதனை முதலிற் செய்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த காக்ராப்ட், வால்டன் என்னும் இருவர். லாரன்ஸ் அப்போதுதான் மோலி என்னும் மங்கையை மணந்து, தேனிலவில் இருந்தார். செய்தி எட்டியதும், லிதியம் பெற்று உடனே ஆய்வு தொடங்குமாறு பெர்க்கிலிக்குத் தந்தி அடித்தார். 1934-இல் செயற்கைக் கதிரியக்கம் பிரான்சு நாட்டில் கண்டறியப்பட்டபோதும் இவ்வாறே ஆயிற்று. பெர்க்கிலியில் பொறியையும் துகள் எண்ணும் கருவியையும் ஒரே விசை இயக்கியது. பொறி நின்றதும் எண்ணும் கருவியும் நின்றுவிடும். பொறி நின்ற பின்னரும் பொருள் கதிர் உமிழ்ந்துகொண்டிருந்ததை எவ்வாறு காண்பது? விசையைப் பிரித்து அமைத்ததும் அவ்வுண்மை அவர்கள் கண்முன்னே விளங்கிற்று.

இவற்றினும் பெரிய பிழை ஒன்று உண்டு. 1933-இல் பெர்க்கிலி வேதியியல் பேராசிரியர் லூயிஸ் கனநீரைப் பிரித்தெடுத்து லாரன்ஸுக்கு அளித்தார். கனநீரில் உள்ள ஹைட்ரஜன், பொது ஹைட்ரஜனைப்போல் இருமடங்கு எடை உள்ளது, டியூட்டீரியம் எனப்படுவது. அதன் கருவைச் சுழற்றிப் பல பொருள்களின்மேல் ஏவினார் லாரன்ஸ். எப்பொருளை இலக்காக வைத்தாலும், ஒரே அளவு விரைவுடைய புரோட்டான்கள் வெளிவந்தன. பொருள்கள் வேறாயிருக்க, விளைவு ஒன்றாயிருப்பது எவ்வாறு? டியூட்டீரியக் கருவே உடைந்து சிதறுகின்றது என்று லாரன்ஸ் முடிவு கட்டினார். அம்முடிவின்படி நியூட்ரான் என்னும் துகளின் எடையும் முன்னோர் கண்டதினின்று மாறுபட வேண்டியதாயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் பிரசல்ஸ் நகரில் கூடிய சால்வே பேரவையில், உலகப் பேரறிஞர் முன்னிலையில், இக்கருத்தை அவர் எடுத்துரைத்தார். ரூதர்போர்டும், நியூட்ரானைக் கண்டறிந்த சாட்விக்கும் அதனை ஏற்றிலர். முப்பத்திரண்டு வயதினரான லாரன்ஸோ தம் கொள்கையினின்றும் இளகவில்லை.

ஊர் திரும்பிய பின்னரே உண்மை வெளிப்பட்டது. வெளிப்படுத்தியவருள் ஒருவர் வாஷிங்டன் நகரில் ஆய்வு நடத்திக்கொண்டிருந்த மெர்ல் டூவ். அதே எதிர்வீட்டுத் தோழர். தூய இலக்குகளை வைத்து டூவ் சோதித்தபோது, லாரன்ஸ் கூறிய விளைவு தோன்றவில்லை. லாரன்ஸின் இலக்குகள் தூயன அல்ல என்பதே இதற்கு விளக்கம். ஏவப்பட்ட டியூட்டீரியக் கருக்களிற் சில இலக்கின்மேல் படிந்துவிட்டன. பின்னர் ஏவப்பட்டவை, முன்னரே படிந்திருந்தவற்றைத் தாக்கின. எனவே எல்லா இலக்குகளிலும் தாக்கப்பட்டது ஒரே பொருளே, அது டியூட்டீரியம். 1934-இல் கேம்பிரிட்ஜ் நகரில் ஆலிபண்ட், ஹார்ட்டெக், ரூதர்போர்டு ஆகிய மூவரும், டியூட்டீரியத்தையே இலக்காக வைத்து, டியூட்டீரியக் கற்றையை அதன்மேல் ஏவி இதனைத் தெளிவாக்கினர். அவர்களுக்குக் கனநீர் அனுப்பியவரும் பெர்க்கிலி லூயிஸே. இரு டியூட்டீரியக் கருக்கள் கூடி, ஒருகால் ட்ரைட்டியமும் புரோட்டானும் ஆகின்றன. ஒருகால் எடை குறைந்த ஹீலியமும் நியூட்ரானும் ஆகின்றன. இது பிளவன்று, இணைவு! ஞாயிற்றின் நடுவே நிகழும் செயலுக்கு உறவான ஒன்று பெர்க்கிலியின் மரக்கட்டடத்தில், அப்பழைய காந்தத்தின் இடையே, ஓராண்டாக நிகழ்ந்துகொண்டிருந்தது; அதனை நிகழ்த்தியவரோ அதனைப் பிளவெனக் கொண்டிருந்தார்.

லாரன்ஸ் தம் கொள்கையைக் கைவிட்டு, பிழையை ஒப்புக்கொண்டார். இளமையில் பெரும்புகழ் பெற்றவர்க்கு இஃது எளிய செயலன்று. அதிலும் பால்ய நண்பர் சுட்டிக்காட்டிய பிழையை ஒப்புதல் மிகக் கடினம். அன்று முதல் அவர் கூடத்தில் ஆய்வுகள் முன்னினும் விழிப்போடு நடைபெற்றன.

அடுத்த ஐந்தாண்டுகளில் அவர் புகழ் வளர்பிறைபோல் வளர்ந்தது. அக்காந்தத்தின் முனைகள் 27 அங்குலத்தினின்று 37 அங்குலமாக விரிக்கப்பட்டன. 1939-இல், 220 டன் காந்தத்தோடு 60 அங்குலப் பொறி எழுந்தது. அதனால் விளைந்த கதிரியக்கப் பொருள்களை மருத்துவரான தம்பி ஜான் லாரன்ஸ் நோயாளர்க்கு அளித்து ஆய்ந்தார். 1937-இல் அன்னையார் புற்றுநோய்வாய்ப்பட்டு, இன்னும் சில திங்களே வாழ்வார் என்று மருத்துவர் கைவிட்டனர். லாரன்ஸின் குழுவில் ஒருவர் அமைத்த வலிய எக்ஸ்-கதிர்க் குழலால் சான் பிரான்சிஸ்கோவில் அவருக்கு மருத்துவம் செய்யப்பட்டது. அவர் பிழைத்து, மேலும் பல்லாண்டு வாழ்ந்தார்.

1939-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபெல் பரிசு லாரன்ஸுக்கு வழங்கப்பட்டது. போர் மூண்டிருந்தமையால் அவர் சுவீடன் செல்லவில்லை. 1940 பிப்ரவரி 29-ஆம் நாள் பெர்க்கிலியிலேயே விழா நடந்தது. பல நாட்டு இளைஞர்களும் அவரிடம் கற்று மீண்டு, தத்தம் நாட்டில் சைக்ளோட்ரான் அமைக்க முற்பட்டனர். மேகநாத சாகாவின் மாணவரான நாக் சௌதுரி அங்குப் பயின்று திரும்பிக் கல்கத்தாவில் அப்பணியைத் தொடங்கியதும் இவ்வகையினதே.

போர்க்காலம் லாரன்ஸின் வாழ்வை வேறு வழியில் திருப்பியது. 1941 செப்டம்பரில் இங்கிலாந்திலிருந்து ஒருவர் பெர்க்கிலிக்கு வந்து, யுரேனியத்தால் அணுகுண்டு செய்யக்கூடும் என்றும், அமெரிக்கா காலந்தாழ்த்தலாகாது என்றும் வற்புறுத்தினார். வந்தவர், கேம்பிரிட்ஜில் அணுக்கரு இணைவைத் தெளிவாக்கிய அதே ஆலிபண்ட். குண்டுக்கு வேண்டிய யுரேனியம்-235 என்பதை, அதனோடு கலந்துள்ள யுரேனியம்-238 என்பதினின்றும் பிரித்தாக வேண்டும். இரண்டும் வேதியியலால் பிரியா. எடையில் மட்டும் சிறிது வேறுபடும். யுரேனிய அயனிகளைக் கற்றையாக ஏவிக் காந்தத்தின் இடையே வளைத்தால், இலேசானவை மிகுதியாக வளையும். கனமானவை குறைவாக வளையும். தனித்தனியே ஏந்திக்கொள்ளலாம் என்றார் லாரன்ஸ். பழைய காந்தத்திலிருந்த சைக்ளோட்ரானைக் கழற்றி, அதே காந்தத்தில் இதனைச் சோதித்தார்.

கற்றுணர்ந்தோர் பலர் இது நடவாது என்றனர். அவர்கள் கூறிய தடை பொருளற்றதன்று. அயனிகள் அனைத்தும் நேர்மின் உடையவை. ஒத்த மின் ஒன்றையொன்று தள்ளும். ஆகவே கற்றை அடர்ந்த அளவிற்கு அது தானே விரிந்து சிதறிவிடும் அன்றோ? ஆயின், கலத்தில் எஞ்சியிருந்த சிறிது காற்றே உதவிக்கு வந்தது. அயனிகள் மோதியதால் அக்காற்றினின்றும் பிறந்த எலெக்ட்ரான்கள் கற்றையினுள் நிறைந்து, அயனிகளின் தள்ளுதலைத் தணித்தன. கற்றை குலையாது சென்றது. இச்சிறு செய்தியை இங்கு நினைவில் இருத்துக. நெடுங்காலத்திற்குப் பின் இது மீண்டும் வேண்டப்படும்.

டென்னசி மாநிலத்து ஓக் ரிட்ஜ் என்னும் இடத்தில் இவ்வகைக் கலங்கள் 1,152 நிறுவப்பட்டன. போரினால் செம்பு கிடைத்தற்கு அரிதாயிற்று. ஆதலின், அரசின் கருவூலத்தினின்று 13,000 டன்னுக்கு மேற்பட்ட வெள்ளியைக் கடனாகப் பெற்று, மின்கம்பிகளாக நீட்டிக் காந்தங்களுக்குச் சுற்றினர். பள்ளிப் படிப்பு முடித்த இளம்பெண்கள் பலர், தாம் செய்வது இன்னதென்று அறியாமலே, அக்கலங்களின் விசைகளைத் திருப்பி இயக்கினர். அங்ஙனம் சேர்ந்த யுரேனியம் 1945 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஹிரோஷிமா நகரை அழித்தது. மக்கள்மேல் வீசாது, முதலில் ஆளற்ற இடத்தில் வெடித்துக் காட்டலாம் என்னும் எண்ணம் லாரன்ஸுக்கு இருந்தது. ஆயினும், கருத்துரைக்குமாறு அழைக்கப்பட்ட நால்வருள் ஒருவராக, முடிவில் ஏனையோரோடு அவரும் இசைந்தார்.

போருக்குப் பின்னும் அவர் அவ்வழியினின்று மீளவில்லை. 1952-இல் ஹைட்ரஜன் குண்டு ஆய்வுக்காக லிவர்மோர் என்னும் இடத்தில் இரண்டாவது கூடம் ஒன்று அவருடைய முயற்சியால் எழுந்தது. ஹைட்ரஜன் குண்டு என்பதும் அணுக்கரு இணைவே. அழிவுக்குப் பயன்படும் இணைவு. லிவர்மோரில், அணுக்குண்டுப் பொருளை விளைவிக்க மிகப் பெரிய முடுக்கி ஒன்றையும் அவர் தொடங்கினார். பெரும்பொருள் செலவான பின் அது கைவிடப்பட்டது. பெரிதே சிறந்தது என்னும் அவர் எண்ணம் எப்போதும் வெற்றி தரவில்லை.

குடற்புண் நோய் அவரை நெடுநாளாக வருத்தி வந்தது. 1958 கோடையில், அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துவதாயின் மறைவான சோதனைகளைக் கண்டுபிடித்தல் இயலுமா என ஆராயும் கூட்டம் ஜினீவா நகரில் நடந்தது. குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் அழைக்கவே, நோயையும் பாராது லாரன்ஸ் சென்றார். நோய் முற்றியது, கூட்டம் முடியுமுன் ஊர் திரும்பினார். 1958 ஆகஸ்டு 27-ஆம் நாள் பாலோ ஆல்டோ நகர மருத்துவமனையில், 57-ஆம் வயதில் மறைந்தார். அணுவின் ஆக்கப் பயன் பற்றிய உலகப் பேரவை ஐந்தே நாள் கழித்து அதே ஜினீவாவில் தொடங்கியது. அணுக்கரு இணைவினின்று மின்னாற்றல் பெறும் ஆய்வுகளை வல்லரசுகள் அதுகாறும் மறைத்து வைத்திருந்தன. அம்மறைப்பு அப்பேரவையில் நீங்கியது.

அவர் மறைவுக்குப் பின் இரு கூடங்களும் அவர் பெயரைத் தாங்கின. 1961-இல் பெர்க்கிலியில், போரான் அயனிகளைக் கலிபோர்னியம் என்னும் தனிமத்தின்மேல் ஏவி 103-ஆம் தனிமத்தைக் கண்டவர்கள் அதற்கு லாரன்சியம் என்று பெயரிட்டனர்.

இணைவைப் பற்றி ஒன்று கேட்கத் தோன்றும். 1933-லேயே அயனிக் கற்றையால் இணைவு நிகழ்ந்ததாயின், அவ்வாறே மின்னாற்றலை விளைவித்திருக்கலாகாதா? இயலாது. இலக்கில் பாயும் அயனிகளுள் மிகப் பெரும்பாலானவை எக்கருவையும் சந்திப்பதில்லை. எலெக்ட்ரான்களின்மேல் உரசி, ஆற்றலை வெறும் வெப்பமாக இழந்து நின்றுவிடுகின்றன. செலவு மலையளவு, வரவு கடுகளவு. ஆனால், வீணாகும் அவ்வெப்பமே பயன்பட்டால் எவ்வாறு இருக்கும்? சில மில்லிமீட்டர் அளவே உள்ள சிறு உருண்டையில் டியூட்டீரியமும் ட்ரைட்டியமும் வைத்து, அதனைச் சூழ நாற்புறமும் ஒரே நொடிப்பில் பேராற்றலைப் பாய்ச்சினால், மேலோடு வெடித்து வெளியே சிதறும். அச்சிதறலின் எதிர்விசையால் உட்பொருள் நெருங்கி நெருங்கி ஈயத்தினும் பன்மடங்கு அடர்ந்து, கோடிக்கணக்கான பாகை வெப்பம் எய்தும். அது சிதறுமுன்னரே இணைவு நிகழ்ந்து முடியும். பொருளின் சடத்துவமே அதனைக் கணநேரம் பிடித்து வைத்திருத்தலால், இதற்குச் சடத்துவ இணைவு என்று பெயர். 1950-களின் இறுதியிலிருந்து லிவர்மோரில் ஜான் நக்கல்ஸ் இதனைச் சிந்தித்தார். 1960-இல் லேசர் ஒளி தோன்றவே, அவ்வொளியையே ஏவுகருவியாகக் கொண்டனர்.

1970-களின் இடையில், புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்து மாஷ்கி என்பார் வேறொரு வழி கூறினார். ஈயம், பிஸ்மத் போன்ற கனமான அயனிகளை முடுக்கி ஏவினால் என்ன? முடுக்கிகள் உண்ணும் மின்னாற்றலில் நல்ல பகுதியைக் கற்றைக்குக் கொடுக்கும். நொடிக்குப் பலமுறை ஓயாது இயங்கும். கற்றையைக் குவிப்பது காந்தமாதலின், வெடிப்பின் வழியிலிருந்து விலகி நிற்கும். லேசரின் கண்ணாடிபோல் நேரே அடிபட வேண்டுவதில்லை. கனமான அயனி மிகுந்த ஆற்றலோடு வந்தாலும், இலக்கில் வேண்டிய சிறு ஆழத்திலேயே நின்று வெப்பத்தைச் சொரியும். 1976-இல் அறிஞர் பலர் கூடி இதனை ஆராய்ந்தனர். லாரன்ஸின் பெர்க்கிலிக் கூடத்தில் டெனிஸ் கீஃப் என்பவர் தலைமையில் இப்பணி தொடங்கிற்று.

அவர்களை எதிர்த்து நின்றது பழைய தடையே. வேண்டிய கற்றை மிக அடர்ந்தது. ஒத்த மின் ஒன்றையொன்று தள்ள, சில மில்லிமீட்டர் அளவுள்ள இலக்கில் அதனைக் குவிப்பது எங்ஙனம்? போர்க்காலக் கலத்தில் எஞ்சிய காற்றினின்று எலெக்ட்ரான்கள் தாமே வந்து கற்றையைத் தாங்கின. இங்கோ, எலெக்ட்ரான் நிறைந்த மின்ம வளியைக் கற்றையின் வழியில் முன்னரே பரப்பிவைத்து, அதனூடே கற்றையைச் செலுத்தினர். பின்னே வரும் அயனிகளுக்கு விரைவு மிகுதி தந்து, முன்னே செல்வனவற்றை எட்டிப்பிடிக்கச் செய்து, நீண்ட கற்றையைக் குறுக்கினர். இதற்காக அமைந்த இரண்டாவது கருவி 2012-இல் பெர்க்கிலியில் முடிவுற்றது. லிவர்மோரில் போர்க்கருவி ஆய்வுக்கெனக் கட்டப்பட்டுப் பின்னர்ப் பயனின்றிக் கிடந்த ஒரு முடுக்கியின் உறுப்புகளைக் கொண்டே அதனை அமைத்தனர். கேட்பாரற்ற காந்தத்தை லாரன்ஸ் வாங்கி வந்த கதையை இது நினைவூட்டுகின்றது. அதில் முதலில் முடுக்கப்பட்டவை லிதியம் அயனிகள். அது சிறு கருவியே. மெல்லிய தகடுகளைச் சுடவைத்து ஆராயும் அளவினது. இணைவை உண்டாக்கத்தக்க பெருங்கருவி கட்டுதற்குப் பொருள் கிடைக்கவில்லை.

லேசர் வழி வந்தவர்கள் முந்தினர். 2022 டிசம்பர் 5-ஆம் நாள், லிவர்மோர்க் கூடத்தில் 192 லேசர்க் கற்றைகள் 20.5 லட்சம் ஜூல் ஆற்றலை இலக்கில் பாய்ச்ச, இணைவினின்று 31.5 லட்சம் ஜூல் வெளிவந்தது. இலக்கிற்குக் கொடுத்ததினும் மிகுதியாக ஆற்றல் கிடைத்தது அதுவே முதன்முறை. ஆயினும், அவ்வொரு முறைக்கு லேசர்கள் மின்கம்பியினின்று இழுத்தது ஏறத்தாழ 30 கோடி ஜூல். முடுக்கியை நாடுவோர் சுட்டிக்காட்டும் இடைவெளி இதுவே.

லிவர்மோர்க் கூடத்தின் முதன்மைப் பணி அணுப்படைக்கல ஆய்வாகவே இருந்து வந்தது. 1980-களில் மோலி அம்மையார், அக்கூடத்தினின்று தம் கணவர் பெயரை நீக்கிவிடுமாறு பல்கலைக்கழக ஆட்சியாளரிடம் வேண்டினார். வேண்டுகோள் நிறைவேறவில்லை, 2003-இல் அவரும் மறைந்தார்.

அப்பழைய காந்தம் என்னாயிற்று எனின், அது அழிக்கப்படவில்லை. பெர்க்கிலிக் குன்றின்மேல், லாரன்ஸின் நினைவாக, 1968-இல் சிறுவர்க்கென ஓர் அறிவியல் மன்றம் திறக்கப்பட்டது. டியூட்டீரியக் கருக்கள் எவரும் அறியாமல் இணைந்ததும், யுரேனிய அயனிகள் முதலில் வளைந்து பிரிந்ததும் எதனிடையேயோ, அக்காந்தத்தின் இரும்புச் சட்டம் அம்மன்றத்தின் வெளியே நிறுத்தப்பட்டுள்ளது.